பதினோரு முட்டைகளும் ஒரு ஸ்விட்சும்

சென்ற வாரம் என் மகளின் பள்ளிக்கு ஒருவர் மிருகங்களைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். ஆமை, முயல், ஒரு கிளி, கடைசியாக ஒரு பாம்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள, ஆசிரியை ஆளுக்கொரு படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் அனுப்பிவிட்டார். நான் வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகள் அந்தப் படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்பா, இட் இஸ் எ மிக்ஸ். ரெண்டு டிஃபரெண்ட் ஸ்நேக் சேர்ந்து ஒண்ணு," என்றாள்.

ஆரஞ்சு உடம்பு. அதில் வளையம் வளையமாக வெளிறிய கோடுகள். வால் அவள் மணிக்கட்டுக்கு அருகே தொங்கியது. நுனிக்கு இரண்டு விரல் மேலே அது ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. நான் போனைக் கவிழ்த்துச் சோபாவில் வைத்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். எனக்கு அந்தப் பாம்பைத் தெரியும். அது முட்டைக்குள் இருந்தபோது அதைக் கொல்லப் பார்த்தவன் நான்தான்.

நான் ஏசி மெக்கானிக். அரியலூர்ப் பக்கத்துக்காரன். அப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை, கேம்ப்பில் ஆறு பேரோடு ரூம். ஒர்க்‌ஷாப் முதலாளியின் தம்பிக்கு தைத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டம் இருந்தது. அவரையும் நாங்கள் அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம்; முதலாளி வீட்டில் யாராக இருந்தாலும் எங்களுக்கு அர்பாப்தான். மற்றவர்கள் தோட்டத்தில் ஒட்டகம் வளர்ப்பார்கள், ஆடு வளர்ப்பார்கள். இந்த மனிதர் பாம்பு வளர்த்தார். நீளமான ஓர் அறை, சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். ஏசியில் கேஸ் இறங்கியிருக்கும் என்று நினைத்துச் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு போனேன். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அர்பாப் கேட்டது வேறு. பாம்புகளுக்கு ஒரு குளிர்காலம் வேண்டும் என்றார்.

முதலில் என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவரிடம் இருந்தவை அமெரிக்காவின் கார்ன் பாம்பும் கிங் பாம்பும். இரண்டுக்கும் விஷமில்லை. அவற்றின் ஊரில் இரண்டு மூன்று மாதம் கடுங்குளிர் அடிக்கும். அந்தக் குளிரில் மரத்துக் கிடந்து எழுந்தால்தான் அவற்றுக்கு இணை சேரும் நினைப்பே வரும். டிசம்பர் மத்தியானத்திலும் வெயில் உறைக்கும் ஊரில் அறையைப் பதின்மூன்று டிகிரியில் இரண்டு மாதம் நிறுத்த வேண்டும், பிறகு மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வீட்டு ஏசி பதினாறுக்குக் கீழே இறங்காது. மூடிப்போன ஒரு மீன் கடையின் குளிர் அறை மெஷினைக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. வாரத்தில் மூன்று நாள் எனக்கு அங்கேதான் டூட்டி என்று ஆகிவிட்டது.

மனைவியிடம் போனில் குளிர் அறை வேலை என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் பாம்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் அவ்வளவு லேசாக எடுக்க முடியாது. கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் போய் வருகிறவனுக்குப் பிள்ளை எப்படி உடனே பிறக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. என் அப்பா கடலைக்கொல்லையில் எப்போதோ ஒரு நல்ல பாம்பை அடித்தாராம், அந்தத் தோஷம்தான் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். என் மாமியார் அரச மரத்தடியில் நாகர் கல் வைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். நான் இதையெல்லாம் வாயில் வந்தபடி கேலி செய்கிறவன். அப்படிக் கேலி செய்தவனுக்கு வந்த வேலையைப் பார்த்தீர்களா?

பாம்புகளைப் பார்த்துக்கொண்டவர் வவுனியாக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் ஒரு போர்ட்டா கேபினில், சின்னத் தகர அறையில் தங்கியிருந்தார். உறைந்த எலிகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெந்நீரில் போட்டுவிட்டு, பக்கத்து அடுப்பிலேயே எனக்கு டீ போடுவார். முதல் மாதம் அந்த டீயை நான் தொடவில்லை. பிறகு பழகிவிட்டது.

அர்பாபின் ஆசை இரண்டு இனத்தையும் கலப்பது. கார்ன் பாம்பு ஆரஞ்சு நிறம். கிங் பாம்பு கறுப்பு, அதில் வெள்ளை வளையங்கள். இந்த நிறத்தில் அந்த வளையம் வேண்டும், தன்னிடம் மட்டும் வேண்டும் என்பது அவர் கனவு. இதில் ஒரு சிக்கல். கிங் பாம்புக்கு மற்றப் பாம்புதான் தீனி. கார்ன் பெண்ணை அதன் பெட்டியில் விட்டால் இணை சேருமா, விழுங்குமா என்று சொல்ல முடியாது. அண்ணன் அதை ஒரே வரியில் எனக்கு விளக்கினார்.

"தம்பி, இவன் பாம்பு தின்னுற சாதி. மணத்தால ஏமாத்தினாத்தான் கலியாணம். இல்லையெண்டாச் சாப்பாடு."

ஏமாற்றும் விதம் இதுதான். ஒரு கிங் பெண்ணைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, அது கழித்துவைத்த மரத்தூளிலும் உரித்த சட்டையிலும் கார்ன் பெண்ணை நாலைந்து நாள் கிடக்க வைப்பார். அதன் வாடை இதன் உடம்பில் ஏறும். ஆண் கிங்குக்கு வயிறு முட்ட எலி போடுவார். முதலில் அதன் இனத்துப் பெண்ணையே உள்ளே விடுவார். ஆண் கிறங்கிப்போய் அதன் முதுகில் தாடையைத் தேய்க்கும் நேரம் பார்த்து, அதை உருவிவிட்டு கார்ன் பெண்ணை அந்த இடத்தில் வைப்பார். கொக்கிக் கம்பியோடு நான் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் வருடம் நான் நின்றேன். எல்லாம் சரியாகப் போவதுபோல்தான் இருந்தது. அதற்குள் ஆண் கிங் கார்ன் பெண்ணின் தலையைக் கவ்விச் சுருட்டிவிட்டது. நான் கம்பியை நீட்டுவதற்குள் அண்ணன் என் கையைப் பிடித்துவிட்டார், இழுத்தால் இரண்டும் போய்விடும் என்றார். ஆரஞ்சு வால் உள்ளே போய் முடியும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். அடுத்தவள் வாடையைப் பூசி ஒரு ஜீவனைச் சாகக் கொடுத்தோமே என்று பல நாள் எனக்கு மனசு ஆறவில்லை. அண்ணனுக்கும் ஆறவில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் லீவில் ஊருக்குப் போய் ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பினேன். அந்த மாதமே கலப்பு கூடிவிட்டது. இந்த முறை விழுங்கவில்லை. அதே மாதக் கடைசியில் மனைவி போன் செய்து நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள். அடுத்த மாதம் ஸ்கேனில் இரட்டை என்று சொல்லிவிட்டார்கள். கேம்ப்பில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அவள் என்னிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள். பிள்ளைத்தாச்சியின் புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாது, பாம்பைக் கனவிலும் அடிக்கக் கூடாது. நான் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தேன். ஆனால் போனை வைத்த நிமிடத்திலிருந்து அதைக் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் கேம்ப்பில் மூட்டைப்பூச்சி அதிகம். மற்றவர்கள் நசுக்கித் தள்ளும்போது நான் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விட்டுவருவேன். பூச்சிகளுக்கு விசா எடுத்துக் கொடுக்கிறான் என்று ரூமில் ஓட்டி எடுத்தார்கள். ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் தொடக்கத்தில் கார்ன் பெண் பதினோரு முட்டை இட்டது. வெள்ளையாக, தோல் போல் மெத்தென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பழுதாகிக் கிடந்த ஒரு சின்ன ஃப்ரிட்ஜின் உள்ளே சூட்டுக் கம்பி ஓட்டி, தெர்மோஸ்டாட் வைத்து அடைகாக்கும் பெட்டியாக நான் மாற்றிக் கொடுத்தேன். இருபத்தெட்டு டிகிரி, கொஞ்சம் ஈரம், அறுபது நாள். பாம்பறையில் இடமில்லாததால் அண்ணனின் கேபினில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் தெரியும். ஊரில் அவளுக்கு ஸ்கேன் எடுத்த வாரமெல்லாம் நான் இங்கே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஜூலையில் அண்ணனின் அம்மா இறந்துவிட்டார். எமர்ஜென்சி லீவில் போகும்போது கேபின் சாவியை என் கையில் கொடுத்தார். "முட்டை கவனம் தம்பி," என்றார், அம்மாவை இழந்த மனிதர். அந்த இரண்டு வாரமும் நான் கேபினிலேயே தங்கினேன்.

முட்டை இட்ட நாற்பத்தைந்தாம் நாள் காலையில் அர்பாப் வந்தார். யாரோ பெரிய வளர்ப்பாளரிடம் கலப்பு பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் காறித் துப்பாத குறையாகத் திட்டியிருக்கிறார். இன்று நீ கலப்பு என்று சொல்லிக் கொடுப்பாய், நாளை எவனோ அதையே சுத்த இனம் என்று சொல்லிக் கொடுப்பான், பத்து வருடத்தில் எது எதுவென்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று. அர்பாபின் முகம் தொங்கிப்போயிருந்தது. நியாயமான பேச்சுதான், இப்போது எனக்கும் அப்படித்தான் படுகிறது. முட்டைகளை எலி ஃப்ரீசரில் வைத்துவிடு, குளிரில் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது என்றார். "கலாஸ்," முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். டிசம்பரில் பிரசவ லீவு அவர்தான் தன் அண்ணனான என் முதலாளியிடம் சொல்லி வாங்கித் தர வேண்டும். அதனால் தலையாட்டினேன். தோட்டத்து வங்காளி பாயிடம் செய்யச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்வதும் செய்வதும் ஒன்றுதானே என்று அதையும் விட்டேன். முட்டைகள் இருந்த டப்பாவை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். எழுந்து ஃப்ரீசர் கதவைத் திறந்தேன். எலிகளைப் பார்த்தேன். மூடினேன். டப்பாவைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தேன்.

அப்போதுதான் என் மெக்கானிக் புத்தி வேலை செய்தது. கொல்லக் கூடாது என்றுதானே சத்தியம்? நான் எதையும் தொடப்போவதில்லை. கேபினில் ஜன்னல் ஏசி ஓடுகிறது. தினம் இருபது ஏசியை அணைக்கிறேன், போடுகிறேன், அது என் வேலை. வெளியே நாற்பத்தாறு டிகிரி. தகரக் கூரை. ஏசி நின்றால் வெயில் செய்ய வேண்டியதை வெயில் செய்துகொள்ளும். என் கை இதில் எங்கே இருக்கிறது? இப்படிச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு ஸ்விட்சை அணைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு தைத்தில் ஒரு கடையின் ஏசியைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்கு அந்தக் கடையில் வேலையே இல்லை. நானாகப் போய்ச் சர்வீஸ் செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

நாலு மணிக்கு மனசு கேட்காமல் ஓடிவந்தேன். பெட்டிக்குள் முப்பத்தொன்பது டிகிரி. ஏசியைப் போட்டேன். ஈரத்துணியை வைத்தேன். பெட்டியின் கதவைத் திறந்துவைத்து அட்டையால் விசிறினேன். இருபத்தெட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்ததும் அர்பாபுக்குப் போன் செய்து கலாஸ் என்று சொன்னேன். ஆனால் முட்டைகளைத் தூக்கி எறிய முடியவில்லை. எறிந்தால் செத்துவிட்டன என்று நானே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். பெட்டி ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு மணிக்கு ஊரிலிருந்து மைத்துனன் போன் செய்தான். மத்தியானத்திலிருந்து அவளுக்கு உதிரம் போகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றான். இரண்டில் ஒன்றுக்குத் துடிப்பு இல்லை. இன்னொன்று நன்றாக இருக்கிறது, பயப்படாதீங்க மாமா என்றான். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டேன். எதற்கு இதைக் கேட்கிறேன் என்று அவனுக்கு விளங்கவில்லை. சாப்பிடும்போது, ஒரு மணி இருக்கும் என்றான். இங்கே அது காலை பதினொன்றரை. நான் ஸ்விட்சை அணைத்தது பத்து மணிக்கு.

இரட்டையில் ஒன்று இப்படிப் போவது உண்டு, எதனாலும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நானும் அதைத்தான் நம்புகிறேன். பகலில் நன்றாகவே நம்புகிறேன்.

அண்ணன் திரும்பி வந்தபோது ஐம்பத்தெட்டாம் நாள். தாடியோடு வந்தவர் பையைக்கூட இறக்காமல் பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு முட்டையில் கீறல் விழுந்து, அதிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் காத்திருந்தார். மற்றவை அசையவில்லை. சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். பத்தும் முழுசாக உருவாகியிருந்தன. பத்திலும் ஆரஞ்சு, பத்திலும் வளையம், ஒன்றின் கோலம் இன்னொன்றில் இல்லை. உயிரோடு வந்ததற்கு வால் மடங்கியிருந்தது.

"வெக்கை பட்டிருக்கு தம்பி. வெக்கை பட்டாத்தான் முள்ளந்தண்டு இப்பிடி வளையும். ஏசி நிண்டதோ?"

கரண்ட் போய்விட்டது அண்ணே என்றேன். இந்த நாட்டில் கரண்ட் போய் நான் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பத்தையும் ஒரு துணியில் சுற்றிப் பேரீச்ச மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

டிசம்பரில் மகள் பிறந்தாள். குறையொன்றும் இல்லை. அவளைக் கையில் வாங்கியதும் துணியை விலக்கி முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தேன். நர்ஸ் சிரித்தார். அர்பாப் அதற்குள் பாம்பு அலுத்துப்போய் வல்லூறு வாங்கியிருந்தார். அண்ணன் ஊரோடு போகும்போது, கேபினிலேயே வைத்து வளர்த்த அந்த வால் வளைந்ததைப் பிள்ளைகளுக்கு மிருகம் காட்டும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒரு பெரிய கட்டடத்தின் மெயின்டெனன்ஸ் வேலைக்கு மாறி, குடும்பத்தைக் கூட்டி வந்தேன். ஆறு வருடமாக எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் ஏசியைப் போடுவேன், அணைக்க மாட்டேன். வீட்டுக்காரர்களையே அணைக்கச் சொல்வேன். ஏதோ கம்பெனி ரூல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

படம் வந்த அன்று மனைவியும் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மகளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே மனைவி சொல்லத் தொடங்கினாள்.

"உங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டேங்க. ஆஸ்பத்திரில சேத்த அந்த வாரம் நான் ஒரு பாம்ப அடிச்சேன். ஆட்டுக் கொட்டாயில வந்துச்சு. வெறும் சாரப்பாம்புதான், ஒண்ணும் பண்ணியிருக்காது. பயத்துல விறகுக்கட்டையால அடிச்சுப்புட்டேன். உங்கள மூட்டப்பூச்சியக்கூடக் கொல்லாதீங்கன்னு சொல்லிட்டு நானே அடிச்சேன். ஒரு புள்ளைய நான்தான் முழுங்கிட்டேன்."

ஆறு வருடம். ஊருக்குப் போகும்போதெல்லாம் அரச மரத்தடியில் அவ்வளவு நேரம் ஏன் விழுந்து கிடந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அதைக் கேலிகூடச் செய்திருக்கிறேன். நானும்தான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் அவள் பாரம் அந்த நிமிடமே பாதியாக இறங்கும். எழுந்து உட்கார்ந்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, டாக்டரே சொன்னார் இல்லையா என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்னதில் கொஞ்சம் லேசாகியிருக்க வேண்டும். குளிருகிறது, ஏசியை அணையுங்கள் என்றாள். நான் ரிமோட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன், எப்போதும்போல.

"நானும் கேக்கணும்னுதான் இருந்தேன். நீங்க ஏன் ஏசிய அணைக்கவே மாட்டேங்கிறீங்க?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அண்ணன் பார்த்த பார்வை இல்லை, சந்தேகம் இல்லாத பார்வை. அப்படியெல்லாம் ஒன்றுமில்லையே என்று சொல்லி ரிமோட்டைத் திருப்பி அணைத்தேன். அவள் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள். வெளியே மே மாத வெயில். அறை மெல்லச் சூடேறியது. மகளின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. மறுபடி போட்டால் மனைவி விழித்துக் கேட்பாள். மகளின் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, அவள் எழுந்திருக்கும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.